வாக்களிக்க வருபவர் யார்: அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல் கணிப்பின் வரலாறு

இந்தியாவில் ஆளுநர் என்பவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதே பெயரில் வழங்கும் பதவி மக்களின் நேரடி வாக்கால் நிரப்பப்படுவது. அதிகார அளவில் அவர் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர் எனினும், சட்டமன்றப் பெரும்பான்மையின் தயவில் பதவி வகிப்பவர் அல்லர். அங்குள்ள 50 மாநிலங்களில் 36 மாநிலங்கள் ஆளுநர் தேர்தலைக் குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத இடைப்பட்ட இரட்டைப்படை ஆண்டுகளில் நடத்துகின்றன. கென்டக்கி, வர்ஜீனியா, நியூ ஜெர்சி உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடத்துகின்றன. நாடெங்கும் பரபரப்பு நிலவும் ஆண்டில் வாக்குச்சாவடிக்கு வந்துவிடும் பலர் இத்தகைய ஆண்டுகளில் வீட்டிலேயே இருந்துவிடுவதால், ஆளுநர் தேர்தலைக் கணிக்க முயல்பவருக்கு மக்கள் யாரை விரும்புகிறார்கள் என்பதை அறிவது வேலையின் ஒரு பாதி மட்டுமே. விரும்புகிறவர்களில் எவரெவர் உண்மையில் வாக்களிப்பார்கள் என்பது மறுபாதி. தேர்தல் கணிப்பின் வரலாறு பெரும்பாலும் குடியரசுத் தலைவர் தேர்தல்களை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அத்துறையின் முக்கியக் கருவிகளில் சில முதன்முதலில் சோதிக்கப்பட்டதும், அது சந்தித்த மிகக் கடுமையான தோல்விகளில் சில நிகழ்ந்ததும் ஆளுநர் தேர்தல்களில்தான்.

கருத்துக்கணிப்பு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஓர் ஆளுநர் தேர்தல் நாடு முழுவதற்குமான முன்னறிகுறியாக வாசிக்கப்பட்டது. வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலம், குளிர்காலம் தொடங்கிப் பாதைகள் கெடுவதற்கு முன் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தால், மாநிலப் பதவிகளுக்கான தேர்தலைச் செப்டம்பர் மாதத்திலேயே நடத்தி வந்தது. 1840-இல் விக் கட்சியின் எட்வர்ட் கென்ட் அங்கு வெறும் 67 வாக்குகள் கூடுதலாகப் பெற்று ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபேர்ஃபீல்டை முந்தினார். அதே ஆண்டு இறுதியில் விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேய்ன் போகும் வழியே நாடு போகும் என்ற வழக்கு இதன்பின் அமெரிக்க அரசியலில் வேரூன்றியது. செப்டம்பர் வந்தால் இரு கட்சிகளும் தம் பெரும் பேச்சாளர்களையும் பணத்தையும் அந்தச் சிறு மாநிலத்துக்கு அனுப்பின. அங்கு வென்றவர்கள் அந்த வெற்றியை நாடெங்கும் விளம்பரப்படுத்தினர்.

இந்த முன்னறிகுறியின் வலிமை பெரிதும் தற்செயலானது. உள்நாட்டுப் போருக்குப் பின் மேய்ன் உறுதியான குடியரசுக் கட்சி மாநிலமாகவே இருந்தது. நாடும் அதே கட்சியைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்ததால் இரண்டும் ஒத்துப்போயின. 1884, 1912, 1916 ஆகிய ஆண்டுகளில் மேய்ன் செப்டம்பரில் குடியரசுக் கட்சி ஆளுநரைத் தேர்ந்தெடுக்க, நவம்பரில் நாடு ஜனநாயகக் கட்சிக்காரரைக் குடியரசுத் தலைவராக்கியது. நுணுகிப் பார்த்தவர்கள் வென்றது யார் என்பதை விட்டுவிட்டு, முந்தைய தேர்தலைக் காட்டிலும் குடியரசுக் கட்சியின் முன்னிலை எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதைக் கவனித்தார்கள். பின்னாளில் புள்ளியியலாளர்கள் வாக்கு நகர்வு என்று அளக்கத் தொடங்கிய கருத்தின் தொடக்க வடிவம் இதுவே. 1932 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியின் லூயி பிரான் மேய்ன் ஆளுநராக வென்றபோது, அந்த நகர்வு நாடு தழுவிய மாற்றத்தைச் சரியாகக் காட்டியது. இத்தனைக்கும் நவம்பரில் மேய்ன் மாநிலமே குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவருக்குத்தான் வாக்களித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1936 செப்டம்பரில் குடியரசுக் கட்சியின் லூயிஸ் பாரோஸ் ஆளுநராக வென்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்ற, எதிர்த்து நின்ற ஆல்ஃப் லேண்டனுக்கு மேய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே மிஞ்சின. பழைய வழக்கு அதோடு மதிப்பிழந்தது. 1957-இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 1958-இல் கடைசிச் செப்டம்பர் தேர்தலை நடத்தி முடித்த மேய்ன், அதன்பின் நவம்பருக்கு மாறிக்கொண்டது.

இதற்கு இணையாக நியூயார்க்கில் பந்தயம் என்ற வேறொரு கணிப்பு முறை வளர்ந்தது. வால் ஸ்ட்ரீட் தரகர்கள் பெரிய தேர்தல்களில் பணம் கட்டினர். நாளிதழ்கள் பந்தய விகிதங்களைப் பங்கு விலைகளைப் போல அச்சிட்டன. பந்தயம் கட்டுபவர் தன் விருப்பத்தைப் பார்ப்பதில்லை, எது நடக்கும் என்று கருதுகிறாரோ அதன்மேல்தான் பணம் வைக்கிறார் என்பதே இம்முறையின் பலம். ஆனால் ஒரு தேர்தலின் முடிவின்மேல் பந்தயம் கட்டியவர் அத்தேர்தலில் வாக்களிக்கக் கூடாது என்று நியூயார்க் மாநில அரசியலமைப்பே விலக்கி வைத்திருந்தது. தேர்தலில் பண ஆதாயம் வைத்திருப்பவன் வாக்கையும் வாங்க முனைவான் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது.

நாளிதழ்களும் வார இதழ்களும் நடத்திய மாதிரி வாக்கெடுப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகின. அவற்றுள் மிகப் பெரியதை நடத்திய லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 1936-இல் ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்துத் தோற்ற கதை புள்ளியியல் பாடநூல்கள் அனைத்திலும் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆளுநர் தேர்தலில் வெளிப்பட்ட எச்சரிக்கை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 1934-இல் கலிபோர்னியாவில் நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர், வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்து ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். டைஜஸ்ட் இதழ் அம்மாநிலத்திலும் அட்டைகளை அனுப்பி, குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் மெரியம் மிகப் பெரிய வித்தியாசத்தில் வெல்வார் என்று சொன்னது. மெரியம் வென்றார், எனவே கணிப்பு பலித்ததாகவே கொள்ளப்பட்டது. உண்மை முடிவில் மெரியம் பெற்றது 48.9 விழுக்காடு, சின்க்ளேர் பெற்றது 37.8 விழுக்காடு, மூன்றாவது வேட்பாளர் ரேமண்ட் ஹெய்ட் 13 விழுக்காடு பெற்றார். இதழ் காட்டிய இடைவெளி இதைவிட வெகு அகலமானது. தொலைபேசிப் பட்டியலிலும் கார் உரிமையாளர் பட்டியலிலும் பெயர் உள்ளவர்களை அதிகம் நாடும் முறை, பொருளாதார மந்தநிலைக் காலத்து ஏழை வாக்காளரை எந்த அளவுக்குத் தவறவிடும் என்பதை அந்த வித்தியாசமே காட்டியிருக்க வேண்டும். வென்றவர் பெயர் சரியாக இருந்துவிட்டதால் எவரும் பிழையின் அளவைப் பொருட்படுத்தவில்லை. கணிப்புத் துறையில் மிகவும் தீங்கு செய்வது இவ்வகைப் பிழைதான், ஏனெனில் அது தண்டனையின்றித் தப்பித்து அடுத்த தேர்தலுக்குள் நுழைந்துவிடுகிறது.

எக்ஸிட் போல் என்று இன்று தமிழ் வாசகர்களும் நன்கறிந்த முறை, அதாவது வாக்களித்துவிட்டு வெளியே வருவோரைச் சீரான இடைவெளியில் நிறுத்தி, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டுத் திரட்டும் கணிப்பு, ஓர் ஆளுநர் தேர்தலில்தான் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் கருவியானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிலிருந்து சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு வந்த புள்ளியியலாளர் வாரன் மிட்டோஃப்ஸ்கி, 1967 நவம்பரில் கென்டக்கி ஆளுநர் தேர்தலில் அதை நடத்தினார். திரையரங்கிலிருந்து வெளியே வரும் பார்வையாளரிடம் படம் பற்றிக் கருத்துக் கேட்கும் சந்தை ஆய்வு வழக்கமே அந்த யோசனைக்கு வித்திட்டது. அத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் லூயி நன் வென்றார். இம்முறையின் பெரும் நன்மை, வாக்களிக்க வருபவர் யார் என்ற கேள்வியையே அது தாண்டிவிடுவதாகத் தோன்றியதுதான்; கேட்கப்படுபவர் ஏற்கெனவே வாக்களித்தவர் என்பதால் ஊகத்துக்கு இடமில்லை என்று கருதப்பட்டது. அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பது 15 ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியாவில் தெரிந்தது.

1982-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மீண்டும் அப்பதவிக்கு நிற்காமல் செனட் பதவிக்குப் போட்டியிட்டதால், ஆளுநர் இடம் திறந்திருந்தது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் டாம் பிராட்லி. டெக்சாஸ் மாநிலத்தில் குத்தகைப் பங்கு விவசாயிகளின் மகனாக, அடிமைகளின் பேரனாகப் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றி, 1973 முதல் அந்நகரின் மேயராக இருந்தவர் அவர். வென்றிருந்தால் அமெரிக்க வரலாற்றிலேயே தேர்தல் மூலம் ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் என்ற இடம் அவருக்குக் கிட்டியிருக்கும். எதிர்த்து நின்றவர், ஆர்மீனிய வழிவந்த ஜார்ஜ் டூக்மேஜியன். மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர், குற்றங்களுக்குக் கடுமையான தண்டனையை வற்புறுத்தியவர்.

அம்மாநிலத்தில் தேர்தல் கணிப்பு என்றாலே நினைவுக்கு வருபவர் மெர்வின் ஃபீல்ட். 1947 முதல் அவர் நடத்திவந்த கலிபோர்னியா கணிப்பு, கட்சிச் சார்பற்றது என்று இரு தரப்பாலும் மதிக்கப்பட்டது. தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் அவர் வெளியிட்ட கணிப்பில் பிராட்லி 7 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். நவம்பர் 2 அன்று வாக்குச்சாவடி வாசல்களில் அவர் நிறுவனம் நடத்திய கணிப்பும் அதையே உறுதிசெய்ய, வாக்குப்பதிவு முடிந்தவுடன் பிராட்லி வெல்வார் என்று ஃபீல்ட் அறிவித்தார். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் முதல் பதிப்பு அதைத் தலைப்பாக அச்சிட்டது. விடிந்தபோது நிலைமை மாறியிருந்தது. முடிவில் டூக்மேஜியன் 38,81,014 வாக்குகளும் பிராட்லி 37,87,669 வாக்குகளும் பெற்றிருந்தனர், வித்தியாசம் 93,345.

இந்தத் தோல்விக்கு உடனடியாகக் கிடைத்த விளக்கம் இனம் சார்ந்தது. வெள்ளை வாக்காளர்களில் ஒரு பகுதியினர், கறுப்பின வேட்பாளருக்கு வாக்களிக்க மனமில்லாத நிலையிலும், முன்பின் அறியாத கணிப்பாளரிடம் அதை ஒப்புக்கொள்ளக் கூசி வேறு பதில் சொன்னார்கள் என்பதே அதன் சாரம். பிராட்லி விளைவு என்ற பெயரில் அது பாடநூல்களுக்குள்ளும் ஏறியது. விளக்கத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் டூக்மேஜியனின் பிரசார மேலாளர் பில் ராபர்ட்ஸ், கணிப்புகளில் வெளிப்படாத மறைமுக எதிர்ப்பு வாக்கு 5 விழுக்காடு அளவுக்கு இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதனால் பதவி விலக நேர்ந்தது. இனவெறுப்பால் பிராட்லிக்கு வாக்களிக்காதவர்கள் இருந்தார்கள் என்பதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆயினும் வாக்குகள் எந்த வழியாக வந்தன என்று பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிகளில் பதிவான வாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் முன்னிலை பெற்றவர் பிராட்லியே. அந்த முன்னிலையைக் கரைத்து மிஞ்சியவை தபால் வாக்குகள். வெளியூர்ப் பயணம், நோய் போன்ற காரணம் எதையும் காட்டாமலே எவரும் தபாலில் வாக்களிக்கலாம் என்று கலிபோர்னியா 1978-இல் சட்டம் இயற்றியிருந்தது. அதன்பின் வந்த முதல் ஆளுநர் தேர்தல் இது. குடியரசுக் கட்சி இந்த வாய்ப்பை முன்கூட்டியே உணர்ந்து, தன் ஆதரவாளர்களின் வீடுகளுக்குத் தபால் வாக்கு விண்ணப்பங்களைப் பெருமளவில் அனுப்பியது. தபாலில் வந்த வாக்குகளில் டூக்மேஜியன் ஒரு லட்சத்துக்கும் மேல் முன்னிலை பெற்றார். வாக்குச்சாவடி வாசலில் நின்று கேட்பவருக்கு, தன் வீட்டு மேசையில் வாக்களித்து அஞ்சலில் சேர்த்துவிட்டவர் ஒருபோதும் எதிர்ப்படமாட்டார். வாசலில் நின்றவர்கள் கேட்டது பொய்யான பதில்களை என்று கருத வேண்டிய தேவையே இல்லாமல், அவர்கள் கேட்டிராத வாக்காளர்களைக் கொண்டே அந்த இரவின் தவறான அறிவிப்பைப் பெரும்பாலும் விளக்கிவிடலாம்.

வேறு காரணங்களும் உடனிருந்தன. அதே வாக்குச்சீட்டில், கைத்துப்பாக்கிகளைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கி அவற்றின் எண்ணிக்கையை உறையவைக்கும் 15-ஆம் முன்மொழிவும் மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டிருந்தது. சட்ட முன்மொழிவுகளை மக்களே நேரடியாக வாக்களித்து ஏற்கவோ தள்ளவோ செய்யும் வழக்கம் கலிபோர்னியாவில் ஆழமானது. இம்முன்மொழிவைத் தோற்கடிக்க, மத்தியப் பள்ளத்தாக்கின் ஊர்களிலும் கிராமப்புறங்களிலும் துப்பாக்கி உரிமையாளர்கள் திரண்டு வந்தனர்; அவர்களில் மிகப் பலர் டூக்மேஜியனுக்கே வாக்களித்தனர். மறுபுறம், சிறுபான்மை இனத்தவரின் வாக்குப்பதிவு ஃபீல்ட் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. டூக்மேஜியனின் சொந்தக் கணிப்பாளர் லான்ஸ் டாரன்ஸ் பிற்காலத்தில் எழுதியபடி, அவர் இடையறாது நடத்திவந்த கணிப்புகளில் கடைசி நாள்களில் இடைவெளி சுருங்கிச் சுருங்கி ஏறத்தாழ சமநிலைக்கே வந்துவிட்டது. அவர் தோற்ற தரப்பின் வருத்தம் இல்லாதவர், வென்ற தரப்பின் பெருமையைக் காக்க விரும்பியவர் என்பதையும் கருத்தில் கொண்டே இச்சான்றை எடைபோட வேண்டும். ஆனால் அவருடைய எண்கள் முடிவோடு பொருந்துகின்றன.

பிராட்லி விளைவு என்ற விளக்கம் இத்தனை விரைவாகப் பரவியதில் கணிப்புத் துறைக்கும் ஒரு வசதி இருந்தது என்றே கொள்ள வேண்டும். பிழை வாக்காளரின் நாவில் இருந்ததென்றால் கணிப்பாளரின் முறையைத் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. தபால் வாக்கு, முன்மொழிவு, வாக்குப்பதிவு என்ற மூன்றும் அவர் அளந்திருக்கக் கூடியவை, அளந்திருக்க வேண்டியவை. ஃபீல்ட் தாமே தேர்தலுக்குப் பின் இக்காரணங்களையெல்லாம் ஆராய்ந்து வெளியிட்டார் என்பது அவருடைய தொழில் நேர்மைக்குச் சான்று. ஆனால் பொதுமக்கள் நினைவில் நின்றது பெயர் சூட்டப்பட்ட ஒற்றை விளக்கமே.

கணிப்பாளரிடம் வாக்காளர் உண்மையை மறைப்பதற்கு இன்னும் தெளிவான சான்று வர்ஜீனியாவில் கிடைத்தது. 1989-இல் கறுப்பின வேட்பாளர் டக்ளஸ் வைல்டர் அங்கு ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கடைசிக் கணிப்புகள் பலவும் அவருக்கு வசதியான முன்னிலையைக் காட்டின. வாக்குச்சாவடி வாசலில் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பு ஏறத்தாழ 10 புள்ளிகள் முன்னிலை தந்தது. அவர் வென்றார், நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆளுநரும் ஆனார். ஆனால் வித்தியாசம் 6,741 வாக்குகள் மட்டுமே, மறு எண்ணிக்கையும் நடந்தது. அந்த வாசல் கணிப்பில் கேள்விகள் நேருக்கு நேர் வாய்மொழியாகக் கேட்கப்பட்டன. வாக்காளர் தாமே தாளில் குறித்துப் பெட்டியில் போடும் வழக்கமான முறை பின்பற்றப்படவில்லை. முகம் பார்த்துப் பேசும்போது கூச்சம் பதிலை மாற்றக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அரசியல் அறிவியலாளர் டேனியல் ஹாப்கின்ஸ் 1989 முதல் 2006 வரையிலான 133 ஆளுநர், செனட் தேர்தல்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, கறுப்பின வேட்பாளரின் பலம் கணிப்பில் மிகையாகத் தெரிவது 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் மறைந்துவிட்டது என்று காட்டினார். அவ்விளைவு ஒரு காலத்துக்கு உரியது என்பதும், எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதியாக அதைக் கொள்ளலாகாது என்பதும் இதனால் தெளிவாகும்.

பழைய முறை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று புதிய முறைகளைவிட நன்றாகச் செயல்பட்ட இடமும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் டிஸ்பேட்ச் நாளிதழ், உலகம் தொலைபேசிக் கணிப்புக்கு மாறிய பின்னும், பதிவுபெற்ற வாக்காளர்களுக்குத் தபாலில் படிவம் அனுப்பியே கணித்து வந்தது. 1980 முதல் 1994 வரையிலான ஒஹாயோ மாநிலத் தேர்தல்களில் இந்நாளிதழின் சராசரிப் பிழை 1.6 புள்ளிகள், தொலைபேசிக் கணிப்புகளின் சராசரிப் பிழை 5.1 புள்ளிகள் என்று ஆய்வாளர்கள் கண்டபோது துறையே வியந்தது. காரணங்கள் எளியவை. படிவம் உண்மையான வாக்குச்சீட்டைப் போலவே அமைந்திருந்தது. முடிவெடுக்கவில்லை என்று தப்பித்துக்கொள்ள இடம் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தை நிரப்பி அஞ்சலில் சேர்க்கும் அக்கறை உள்ளவர் வாக்களிக்கவும் அக்கறை உள்ளவராக இருந்தார். லிட்டரரி டைஜஸ்டை வீழ்த்திய அதே தபால் முறை, பெயர்ப் பட்டியல் சரியாக இருந்த இடத்தில், வாக்களிக்கப் போகிறவரைத் தானாகவே சலித்தெடுத்துத் தந்தது. ஆயினும் 2005-இல் மாநிலச் சட்ட முன்மொழிவுகளைக் கணித்தபோது அந்நாளிதழும் கடுமையாகத் தவறியது.

வாக்களிக்கக் கூடியவர் என்று கருதி மாதிரியை வடிகட்டுவதிலும் ஆபத்து உண்டு. மின்னசோட்டாவில் தேர்தல் நாளன்றே வாக்குச்சாவடியில் பெயரைப் பதிவுசெய்து வாக்களிக்க முடியும். 1998-இல் மல்யுத்த வீரராகப் புகழ்பெற்ற ஜெசி வென்ச்சுரா சீர்திருத்தக் கட்சி வேட்பாளராக நின்றபோது, கடைசிக் கணிப்புகள் அவரை மூன்றாம் இடத்திலேயே வைத்தன. அவரோ 37 விழுக்காடு பெற்று வென்றார். அன்று முதன்முறையாகப் பதிவுசெய்துகொண்டு வந்த இளைஞர்கள் எந்தக் கணிப்பாளரின் பட்டியலிலும் இருந்திருக்க முடியாது. 2015-இல் கென்டக்கியில், வாக்காளரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே வந்த தேர்தலில், பின்தங்கியிருப்பதாகக் காட்டப்பட்ட மேட் பெவின் ஏறத்தாழ 9 புள்ளிகளில் வென்றார். 2021-இல் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி 11 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் கணித்திருந்த மான்மத் பல்கலைக்கழகக் கணிப்பகத்தின் இயக்குநர் பேட்ரிக் மர்ரே, அவர் 3 புள்ளிகளில் மட்டுமே வென்றதும், பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டதோடு, தேர்தலை ஒட்டி இத்தகைய எண்களை வெளியிடுவது நன்மை தருகிறதா என்ற கேள்வியையும் எழுப்பினார்.

கலிபோர்னியாவில் 1982-இல் சிறுபான்மையாக இருந்த தபால் வாக்குகள் இன்று பெரும்பான்மை. பதிவுபெற்ற ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்புவதை அம்மாநிலம் 2021-இல் நிரந்தரச் சட்டமாக்கியது. 2022 ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அவ்வழியே வந்தன. தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்ற சீட்டுகள் அடுத்த ஏழு நாள்களுக்குள் வந்து சேர்ந்தாலும் எண்ணப்படுகின்றன. எவரெவருடைய சீட்டு திரும்பி வந்தது என்ற பட்டியல், யாருக்கு வாக்களித்தார் என்ற இரகசியம் கெடாமல், நாள்தோறும் கட்சிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கிறது. வாசலில் நின்று கேட்டவர்கள் இப்போது வாக்காளரைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தேடி, வீட்டிலிருந்தே வாக்களித்துவிட்டவரையும் கணக்கில் சேர்த்த பின்னரே ஒரு பெயரை அறிவிக்கிறார்கள்.